அளவுச் சட்டை

பாகூர்
9.6.2023

அன்புள்ள தங்கைக்கு,

என்னை உங்களுக்குத் தெரியாது. என் பெயர் புவனேஸ்வரி. பாகூரில் தையல் கடை வைத்திருக்கிறேன். போன செவ்வாய்க்கிழமை ஆஸ்பத்திரியில் உங்களுக்கு எதிர் பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன், பச்சைப் புடவை. நான் பிரஷர் மாத்திரைக்கு வந்தவள். நீங்கள் உங்கள் பையனின் சட்டையைக் கழற்றி வியர்வையைத் துடைத்தீர்கள். கொஞ்ச நேரம்தான். அதற்குள் நான் பார்த்துவிட்டேன்.

இடது பக்கம் மார்பு இல்லை. உள்ளங்கையை வைத்து அழுத்தியது போல் ஒரு குழி. அந்தக் குழியில், தோலுக்கு அடியில், இதயம் துடிப்பது வெளியே தெரிகிறது. இடது கையில் இரண்டு விரல் ஒட்டிப் பிறந்து, அறுத்துப் பிரித்த தழும்பு இருக்கிறது.

என் மகன் எழிலரசனுக்கும் அப்படியே. அதே பக்கம், அதே விரல்கள். இத்தனை வருஷத்தில் இன்னொரு பிள்ளையை இப்படி நான் பார்த்ததில்லை. எழுந்து வந்து பேச நினைத்தேன். அதற்குள் உங்களைக் கூப்பிட்டுவிட்டார்கள். உங்கள் மடியில் இருந்த ஃபைலில் விலாசம் பெரிதாக எழுதியிருந்தது. படித்தது தப்புதான், மன்னித்துக்கொள்ளுங்கள்.

பள்ளிக்கூடம் திறக்கப் போகிறது. இத்துடன் ஒரு வெள்ளைச் சட்டை அனுப்புகிறேன். அளவு எடுக்காமல் எப்படித் தைத்தாள் என்று யோசிக்க வேண்டாம். உங்கள் பையன் வயதில் எழில் போட்ட சட்டை என்னிடம் இருக்கிறது. அதையே அளவுச் சட்டையாக வைத்துத் தைத்தேன். இடது பக்கம் உள்துணி கொடுத்து ஒரு பிடிப் பஞ்சு வைத்திருக்கிறேன். போட்டுப் பாருங்கள். எதிரே நின்று பார்த்தாலும் யாருக்கும் தெரியாது.

இப்படிக்கு,
ந. புவனேஸ்வரி


வில்லியனூர்
24.6.2023

புவனேஸ்வரி அக்காவுக்கு செலின் மேரி எழுதுவது.

உங்கள் பார்சல் வந்ததும் எங்கள் வீட்டில் பெரிய பஞ்சாயத்தே நடந்தது. "எவளோ ஒருத்தி ஆஸ்பத்திரில பாத்தாளாம், சட்ட தச்சி அனுப்பிச்சாளாம், நீயும் புள்ளைக்கி போட்டு வுடுவியா? உள்ள எதுனா வச்சி தச்சிருந்தா?" என்று என் வீட்டுக்காரர் அமல்தாஸ் குதித்தார். நான் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்தேன், பஞ்சுதான். இருந்தாலும் மாதா சுரூபத்துக்கு முன்னால் வைத்து, தீர்த்தம் தெளித்துவிட்டுத்தான் போட்டேன். கோபித்துக்கொள்ளாதீர்கள்.

அக்கா, அளவெடுத்துத் தைத்த சட்டைகூட அப்படி உட்காராது. கிளாட்சன் கண்ணாடி முன்னால் நின்று இரண்டு பக்கமும் தடவித் தடவிப் பார்த்தான். "அம்மா, எனுக்கு வந்துருச்சி" என்றான். நான் பாத்ரூமுக்குள் போய்த் தண்ணீரைத் திறந்துவிட்டு அழுதேன்.

இதற்கு டாக்டர் ஒரு பேர் சொன்னார், போலந்து சிண்ட்ரோம் என்று. முதலில் கண்டுபிடித்தவர் பேராம். அது என் நாத்தனாருக்குத் தெரியுமா? "அண்ணி, போலந்துக்கு எப்பப் போயிட்டு வந்தீங்க?" என்று அவள் கேட்டது இன்றுவரை தெருவில் ஓடுகிறது. நானும் சிரித்து வைக்கிறேன்.

டாக்டர் நல்லவர். ஒரு தசை வளரவில்லை, அவ்வளவுதான், பையன் வேலைக்குப் போவான், கல்யாணம் பண்ணுவான் என்கிறார். "அப்பிடி வளந்த ஒருத்தரக் காட்டுங்க டாக்டர்" என்றேன். கம்ப்யூட்டரில் ஒரு வெள்ளைக்காரனின் படத்தைக் காட்டினார். கண்ணை மறைத்துக் கறுப்புப் பட்டை. கண்ணைப் பார்க்காமல் அவன் நன்றாக இருக்கிறானா இல்லையா என்று எனக்கு எப்படித் தெரியும்?

எனக்கு ஒன்றே ஒன்றுதான் வேண்டும் அக்கா. இந்த நெஞ்சோடு வளர்ந்து ஆளான ஒருத்தரை என் கண்ணால் பார்க்க வேண்டும். அதைப் பார்த்துவிட்டால் நான் தூங்குவேன். உங்கள் மகன் எப்படி இருக்கிறார்? என்ன வேலை பார்க்கிறார்? கல்யாணம் ஆகிவிட்டதா? உங்கள் போன் நம்பர் எழுதவில்லையே. என் நம்பர் உறையின் பின்னால் இருக்கிறது, கூப்பிடுங்கள்.

அன்புடன்,
செலின்


பாகூர்
10.7.2023

அன்புள்ள செலினுக்கு,

எழில் இருக்கிறான். அவன் அப்பாவைப் போல உயரம். தோள் அகலம் ஏறிக்கொண்டே போகிறது. போன வருஷம் தைத்த சட்டை இந்த வருஷம் இறுக்கிப் பிடிக்கிறது. வேலைக்கு நான் அனுப்பவில்லை. எனக்குத் துணையாக வீட்டிலேயே இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன். கல்யாணப் பேச்சு எடுத்ததில்லை. அதிகம் பேச மாட்டான்.

போன் என்னிடமும் இருக்கிறது. ஆனால் பேசினால் அவனுக்குக் கேட்கும். இந்த வீட்டில் அவன் காதில் விழும்படி அவன் உடம்பைப் பற்றிப் பேசுவதில்லை. கடிதத்துக்குச் சத்தம் கிடையாது. அதனால் எழுதுங்கள்.

கிளாட்சன் பள்ளிக்கூடம் போகும் வயதுக்கு வந்துவிட்டான். இப்போதே சட்டையோடு இருக்கப் பழக்குங்கள். குளிக்கும்போது நீங்கள் மட்டும் பக்கத்தில் இருந்தால் போதும். மற்றப் பிள்ளைகள் எதிரில் பொத்தானைக் கழற்ற விடாதீர்கள். ஒருமுறை பார்த்துவிட்டால் அப்புறம் அவன் முகத்தை யாரும் பார்க்க மாட்டார்கள், அங்கேதான் பார்ப்பார்கள். எழில் ஒரு நாளும் என் பேச்சை மீறிச் சட்டையைக் கழற்றியதில்லை. இன்றுவரை.

ஆளான ஒருத்தனைப் பார்க்க வேண்டும் என்று எழுதியிருந்தீர்கள். நியாயம்தான். தீபாவளிக்கு அவனுக்குப் புதுச்சட்டை தைப்பேன். அன்றைக்குத் தவறாமல் இருப்பான். கிளாட்சனை அழைத்துக்கொண்டு மத்தியானச் சாப்பாட்டுக்கு வாருங்கள்.

புவனேஸ்வரி


வில்லியனூர்
17.9.2023

புவனா அக்கா,

தீபாவளிக்குக் கட்டாயம் வருகிறேன். நாங்கள் தீபாவளி கொண்டாடுவதில்லை என்பதால் எனக்கு வீட்டு வேலை எதுவும் இல்லை. எழில் தம்பியிடம் என்னவெல்லாம் கேட்க வேண்டும் என்று இப்போதே யோசித்துக்கொண்டிருக்கிறேன். பாவம், பயந்து ஓடிவிடப் போகிறார்.

நீங்கள் சொன்னபடியே செய்கிறேன். பிள்ளை கொஞ்சம் அதிகமாகவே பிடித்துக்கொண்டான். விளையாட்டு வகுப்பில் பனியனோடு ஓடச் சொன்னால், சட்டைப் பொத்தானைப் பிடித்துக்கொண்டு மரத்தடியில் நிற்கிறானாம். "இன்னாங்க, யாரு பக்கத்துல வந்தாலும் கத்தறான்" என்று மிஸ் கூப்பிட்டுக் கேட்டார். தூங்கும்போதும் கழற்ற விடுவதில்லை. வேர்த்து ஊறிக் கழுத்தெல்லாம் வேர்க்குரு. "நீ புள்ள வளக்கறியா, பொம்ம வளக்கறியா?" என்கிறார் அமல்தாஸ். அவருக்கென்ன, திருபுவனை கம்பெனிக்கு ஷிப்ட் போய்விடுகிறார். தெருவுக்குப் பதில் சொல்வது நான்.

எழில் அண்ணன் மாதிரி பெரியவனாவே என்று சொல்லித்தான் சோறு ஊட்டுகிறேன். அதனாலோ என்னவோ அவனாகவே ஓர் எழில் அண்ணனை உண்டாக்கிவிட்டான். படுக்கும்போது சுவர் பக்கம் ஓர் ஆளுக்கு இடம் விடுகிறான். போன வாரம் சாப்பிட்டுக்கொண்டே சொல்கிறான்: "அம்மா, எழில் அண்ணனுக்கு சட்ட ஈரமா கீது. மாத்தி வுடு." எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. உங்கள் மகனிடம் சொல்லுங்கள், அவரும் சிரிக்கட்டும்.

செலின்


பாகூர்
9.10.2023

அன்புள்ள செலினுக்கு,

உங்கள் கடிதத்தை மடித்து வைக்கவே முடியவில்லை. எனக்குச் சிரிப்பு வரவில்லை.

நான் எழுதியதில் எங்காவது ஈரம் என்று எழுதியிருக்கிறேனா? என் கடிதங்கள் உங்களிடம் இருக்குமே, பார்த்துச் சொல்லுங்கள். கிளாட்சனை அதட்டாமல் பக்கத்தில் உட்கார வைத்துக் கேளுங்கள். சட்டை முழுவதும் ஈரமா, இடது பக்கம் மட்டுமா? குளிர்கிறது என்று எழில் சொன்னானா? அம்மாவைப் பற்றி ஏதாவது சொன்னானா? என்னிடம் அவன் வாய் திறப்பதில்லை. உங்கள் பிள்ளையிடம் பேசுகிறான் என்றால் நான் தெரிந்துகொள்ள வேண்டாமா?

கிளாட்சனைத் தண்ணீர்ப் பக்கம் விடாதீர்கள். குளம், ஏரி, கடல் எதுவும் வேண்டாம். வாளித் தண்ணீர் போதும்.

இன்னொரு உதவி. கிளாட்சனுக்குச் சின்னதாகிப்போன சட்டை ஏதாவது இருந்தால் தூக்கிப் போடாமல் எனக்கு அளவுச் சட்டையாக அனுப்பிவையுங்கள். வருஷத்துக்கு ஒன்று போதும். சின்ன வயதில் எழில் எப்படி வளர்ந்தான் என்பது எனக்குக் கைப்பாடம். ஒரு வயதுக்கு மேல் குத்துமதிப்பாகத்தான் தைக்கிறேன். தோள் எவ்வளவு ஏறும், அந்தக் குழி எவ்வளவு அகலும் என்று கண்ணால் பார்க்காமல் எப்படித் தெரியும்? கிளாட்சன் வளர்ந்தால் எனக்குச் சரியாக வரும்.

தீபாவளிக்கு எதிர்பார்க்கிறேன்.

புவனேஸ்வரி


வில்லியனூர்
16.11.2023

புவனேஸ்வரி அம்மாவுக்கு,

அக்கா என்று எழுதக் கை வரவில்லை.

உங்கள் வீட்டில் நடந்ததை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். ஆனால் அது எனக்கு எப்படி இருந்தது என்று உங்களுக்குத் தெரியவே தெரியாது, அதனால் எழுதுகிறேன். நான் பிள்ளையையும் கேக்கையும் தூக்கிக்கொண்டு இரண்டு பஸ் மாறி வந்தேன். கூடத்தில் வாழையிலை போட்டு வடை, பாயசம் எல்லாம் வைத்திருந்தீர்கள். கொடியில் வரிசையாகச் சட்டைகள். முதல் சட்டை கைக்குழந்தையுடையது, கடைசிச் சட்டை என் வீட்டுக்காரருக்கே தொளதொள என்று இருக்கும். புதுச்சட்டையை நாற்காலியில் மாட்டியிருந்தீர்கள். பஞ்சு வைத்த இடது பக்கம் மூச்சை இழுத்துப் பிடித்தவன் நெஞ்சு போல நிமிர்ந்து நின்றது.

"ஒக்காரும்மா. இப்பதான் குளிக்கப் போனான்" என்றீர்கள். நானும் உட்கார்ந்தேனே! தலையைச் சரிசெய்துகொண்டு, வாசலைப் பார்த்துக்கொண்டு, என் மகனுடைய எதிர்காலம் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு உள்ளே வரும் என்று உட்கார்ந்திருந்தேனே!

கிளாட்சன் போய் அந்தச் சட்டையின் மேல் கையை வைத்தான். எல்லார் நெஞ்சிலும் கை வைத்துப் பார்ப்பது அவன் பழக்கம். "அம்மா, இவுருக்குத் துடிக்கல" என்றான். நீங்கள் சிரித்தீர்கள். அப்புறம் இலையிலிருந்து சோற்றை எடுத்துக்கொண்டுபோய்ச் சுவர் மேல் வைத்துக் காக்கையைக் கூப்பிட்டீர்கள். கா கா என்று கூப்பிடவில்லை. "எழிலு, வாடா" என்று கூப்பிட்டீர்கள். வேதக்காரியாக இருந்தாலும் காக்கைக்கு எதற்குச் சோறு வைப்பார்கள் என்று எனக்குத் தெரியும். பிள்ளையைத் தூக்கிக்கொண்டு செருப்பில்லாமல் பஸ் ஸ்டாண்டுவரை ஓடினேன். செருப்பு உங்கள் வாசலில்தான் கிடக்கிறது.

அமல்தாஸ் கம்பெனியில் உங்கள் ஊர்க்காரர் ஆதிமூலம் வேலை பார்க்கிறார். அவர்தான் சொன்னார், உங்கள் மகன் பன்னிரண்டு வருஷத்துக்கு முன்னால், பதினோரு வயதில் ஏரியில் போய்விட்டான் என்று. "செத்தவங்களுக்குத் துணி வச்சி படைக்கறது எல்லா வூட்லயும் இருக்கறதுதாம்மா. போனப்ப இன்னா அளவோ அதே அளவுதான் வைப்பாங்க. செத்தவங்களுக்கு வயசு ஏறாது. இந்தம்மா வருசா வருசம் அளவ ஏத்துது. ஊர்ல எவ்ளோ சொல்லியும் கேக்கல" என்றார்.

இறந்துவிட்டான் என்று ஒரு வார்த்தை எழுதியிருந்தால் நான் உங்களோடு உட்கார்ந்து அழுதிருப்பேனே. இப்போது ஒன்றை மட்டும் மறைக்காமல் சொல்லுங்கள். அவனைக் கொண்டுபோனது அந்த நெஞ்சா? என் பிள்ளை ஆளாவானா, மாட்டானா?

செலின் மேரி


பாகூர்
4.12.2023

அன்புள்ள செலினுக்கு,

எப்படி இருக்கிறான் என்று கேட்டீர்கள். எப்படி இருக்கிறான் என்று எழுதினேன். ஒரு வரிகூட நான் பொய் எழுதவில்லை.

கேட்டதற்குப் பதில் சொல்கிறேன். ஆமாம், நெஞ்சுதான். எல்லாப் பிள்ளைகளும் குதித்து விளையாடும் ஏரி அது. அத்தனை பேரையும் விட்டுவிட்டு இவனை மட்டும் எடுத்துக்கொண்டது என்றால் வேறு என்ன காரணம்? மற்றவர்களுக்கு அங்கே சதை இருந்தது, இவனுக்குத் திறந்து கிடந்தது. தண்ணீருக்கு வழி தெரியும்.

அதனால்தான் உங்களுக்குச் சொல்லிக்கொண்டே இருக்கிறேன். கிறிஸ்துமஸுக்குச் சிவப்புச் சட்டை ஒன்று தைத்து அனுப்பியிருக்கிறேன். பஞ்சு கொஞ்சம் அழுத்தமாகவே வைத்திருக்கிறேன். கழுத்துவரை பொத்தான் உண்டு. தையலுக்குள் துணி விட்டிருக்கிறேன், வளர்ந்தால் பிரித்துக்கொள்ளலாம். கோபத்தில் எனக்கு எழுதாமல் இருங்கள், பரவாயில்லை. பிள்ளைக்குச் சட்டையைப் போட்டுவிடுங்கள்.

ஈரம் எந்தப் பக்கம் என்று கேட்டீர்களா? எழுதவே இல்லையே.

உங்கள் செருப்பைத் துடைத்து வைத்திருக்கிறேன்.

புவனேஸ்வரி


வில்லியனூர்
8.1.2024

புவனேஸ்வரி அம்மாவுக்கு,

உங்கள் கடிதத்தைப் படித்த பிறகு என் வீட்டில் யாருக்கும் தூக்கமில்லை. கிறிஸ்துமஸ் பூசையில் எல்லாரும் பாடும்போது நான் பிள்ளையின் நெஞ்சையே பார்த்துக்கொண்டிருந்தேன். தண்ணீர் குடிக்கக்கூட பயந்து பயந்து கொடுத்தேன். கடைசியில் அமல்தாஸ்தான் என்னை இழுத்துக்கொண்டு டாக்டரிடம் போனார்.

டாக்டர் நான் சொன்னதை முழுவதும் கேட்டார். "தண்ணி அது வழியா எப்பிடிம்மா உள்ள போவும்? அங்க தோல் இருக்கு, எல்லாம் மூடித்தான் இருக்கு. தசைதான் இல்ல. விலா எலும்பு மெல்லிசு, அதனால பந்து கிந்து வேகமா அங்க படாம பாத்துக்குங்க. மத்தபடி ஓடட்டும், நீந்தட்டும்" என்றார்.

அப்புறம் ஆதிமூலத்தை வீட்டுக்கே வரச்சொன்னோம். ஏரியில் இறங்கி உங்கள் மகனைத் தூக்கியவர் அவர்தான் என்று அதுவரை எனக்குத் தெரியாது. அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்.

"பசங்க எல்லாம் சட்டயக் கழட்டிக் கரையில போட்டுட்டு குதிப்பானுங்கம்மா. இந்தப் புள்ள மட்டும் வராது. அவுங்கம்மா கழட்டக் கூடாதுன்னு சொல்லிட்டாங்களாம். தூரமா ஒக்காந்து பாத்துனு இருக்கும். யாரு கூடயும் எறங்கனாத்தான நீச்சல் கத்துக்கும்? அன்னிக்கி எல்லாரும் சாப்புட வூட்டுக்குப் போன நேரம் பாத்து தனியா எறங்கிருக்கான். சட்டயோட. கழுத்து பொத்தான்கூட கழட்டல. நான் தூக்கறேன், ஒரு பக்கமாவே இழுக்குது. இன்னாடான்னு பாத்தா பஞ்சு. தண்ணியக் குடிச்சிட்டு கல்லு மாதிரி கெடக்குது."

அவர் போன பிறகு உங்கள் இரண்டு சட்டைகளையும் மேஜை மேல் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். என் பிள்ளையும் மரத்தடியில்தானே நின்றான்? அவனும் யாரோடும் சேராமல்தானே இருந்தான்? நெஞ்சில் ஒரு குறையும் இல்லை அம்மா. சட்டையில் இருந்தது. அதைத் தைத்துத் தபாலில் எனக்கும் அனுப்பினீர்கள். நானும் தீர்த்தம் தெளித்துப் போட்டுவிட்டேன்.

இரண்டு சட்டைகளும் இத்துடன் வருகின்றன. என் பிள்ளை உங்கள் பிள்ளைக்கு அளவுச் சட்டை இல்லை. இனி எனக்கு எழுதாதீர்கள்.

செலின் மேரி


பாகூர்
20.2.2024

செலினுக்கு,

எழுத வேண்டாம் என்றீர்கள். இது ஒன்றுக்கு மட்டும் மன்னித்துவிடுங்கள்.

சட்டையைக் கழற்றினால் உலகம் என்ன செய்யும் என்று உங்களுக்கு இன்னும் தெரியாது. எழில் இரண்டாம் வகுப்பு படிக்கும்போது பையன்கள் அவனைச் சுவரோடு நிறுத்தி, அந்தக் குழியில் கோலிக்குண்டை வைத்து உருளுமா என்று பார்த்திருக்கிறார்கள். வீட்டுக்கு வந்து, "அம்மா, இத எதனா வச்சி மூடும்மா" என்று கேட்டது அவன்தான். என்னிடம் பஞ்சு இருந்தது. ஊசி இருந்தது. ஒரு தாய் வேறு என்ன செய்வாள்? அன்றைக்கு அவன் சட்டையைப் போட்டுக்கொண்டு தெருவில் ஓடிய ஓட்டத்தை நீங்கள் பார்க்கவில்லை.

ஆதிமூலம் கல் என்று சொன்னாரா? நீங்கள் திருப்பி அனுப்பிய சிவப்புச் சட்டையைப் பிரித்தேன். உள்ளே வைத்த பஞ்சை எடுத்து வாளியில் ஊறப்போட்டேன். பிழியாமல் தூக்கி, எதிர்க் கடை நவீன்குமாரிடம் கொண்டுபோய்த் தராசில் வைக்கச் சொன்னேன். எதுக்கு அத்தை என்று கேட்டான். வை என்றேன்.

எவ்வளவு என்று எழுத மாட்டேன்.

அன்றிலிருந்து மெஷினில் உட்காரவில்லை. கொடியில் சட்டைகள் எல்லாம் அப்படியே இருக்கின்றன. காற்றே இல்லாத நேரத்திலும் ஆடுகின்றன. நான் திரும்பிப் பார்ப்பதில்லை.

புவனேஸ்வரி


வில்லியனூர்
19.5.2024

புவனா அக்காவுக்கு,

எழுதாதீர்கள் என்று சொன்னவளே எழுதுகிறேன். உங்களைத் தவிர வேறு யாரிடமும் இதைச் சொல்லிப் புரியவைக்க முடியாது.

சட்டையைக் கழற்ற வைப்பது லேசாக இருக்கவில்லை. முதலில் வீட்டுக்குள், அமல்தாஸும் சட்டையில்லாமல் அவனோடு உட்கார்ந்து சாப்பிட்டார். அப்புறம் வாசல்வரை. பள்ளிக்கூட லீவுக்கு அபிஷேகப்பாக்கத்தில் என் அண்ணன் மரியதாஸ் வீட்டுக்குப் போனோம். அங்கே பம்பு செட்டுத் தொட்டியில் ஊர்ப் பிள்ளைகள் எல்லாம் கிடப்பார்கள். நீங்கள் சொன்னது பொய்யில்லை அக்கா. முதல் நாளே "பள்ளம்" என்று பேர் வைத்துவிட்டார்கள். அழுதுகொண்டு வந்தான். மறுபடியும் போட்டுவிட அவன் சட்டையைக் கையில்கூட எடுத்துவிட்டேன். அடுத்த நாள் அவனாகவே போனான், பேர் வைத்தவனைத் தொட்டிக்குள் தள்ளிவிட்டு வந்தான். அதற்கு அடுத்த நாள், "டேய், இவனுக்கு உள்ள ஓடறது வெளிய தெரியுதுடா" என்று வரிசையில் நின்று கை வைத்துப் பார்க்கிறார்கள். இவன் நாட்டாமை போலக் காட்டிக்கொண்டு நிற்கிறான்.

அப்போது அறுவடை மிஷின் ஓட்டிக்கொண்டு வந்த ஒருவர் குளிக்க இறங்கினார். இருபத்து மூன்று, இருபத்து நான்கு வயது இருக்கும். வெளியூர். கிளாட்சனைப் பார்த்ததும் நின்றுவிட்டார். நான் வழக்கம்போல ஏதாவது கேட்பார் என்று பல்லைக் கடித்துக்கொண்டு காத்திருந்தேன். அவர் தன் சட்டையைக் கழற்றினார்.

இடது பக்கம்.

"இன்னாம்மா அப்பிடிப் பாக்கறீங்க? எனுக்கும் பொறக்கச்சொல்ல இருந்தே இப்பிடித்தான்" என்றார். இதற்குப் போலந்து என்று பேர் என்று உளறினேன். "நான் மெட்ராசே பாத்ததில்லம்மா" என்று சிரித்தார். அக்கா, அவர் கண்ணைப் பார்த்தேன். கறுப்புப் பட்டை எதுவும் இல்லை. கல்யாணமாகி ஒரு பெண் குழந்தை இருக்கிறதாம். அவ்வளவு பெரிய மிஷினை அந்த இடது கையால்தான் திருப்புகிறார். நான் வரப்பில் உட்கார்ந்து ஓவென்று அழுதேன். ஏன் என்று அவருக்குப் புரியவில்லை, யாரோ செத்துவிட்டார்கள் என்று நினைத்துக்கொண்டார்.

நடந்த இன்னொன்றையும் எழுத வேண்டும். கிளாட்சன் அவரை நிமிர்ந்து பார்த்து, "எழில் அண்ணன்" என்றான். அந்தப் பேரை எங்கள் வீட்டில் யாரும் சொல்லி மாதக்கணக்காகிறது. அவர், "யாருப்பா எழிலு?" என்று கேட்டுக்கொண்டே அவனைத் தூக்கி நெஞ்சோடு அணைத்துக்கொண்டார். பிள்ளையின் காது அந்தக் குழியில் பதிந்தது. கிளாட்சன் கொஞ்ச நேரம் கண்ணை மூடிக் கேட்டுவிட்டு, "அம்மா, இவுருக்குத் துடிக்குது" என்றான்.

அவர் பேரும் ஊரும் கேட்டு வைத்திருக்கிறேன். உங்களுக்கு எழுத மாட்டேன். எழுதினால் அடுத்த பஸ்ஸில் ஏறி அளவெடுக்கக் கிளம்பிவிடுவீர்கள். அவருக்கு ஒரு அம்மா இருக்கிறார். ஆனால் அப்படி ஒருவர் உயிரோடு இருக்கிறார் என்பதை உங்களிடம் சொல்லாமல் வைத்துக்கொள்ளவும் எனக்கு மனசு வரவில்லை.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள். மாத்திரையை விடாதீர்கள்.

செலின்


பாகூர்
3.6.2024

அன்புள்ள செலினுக்கு,

கடிதம் கிடைத்தது. பேர் வேண்டாம். ஊர் வேண்டாம். நான் வர மாட்டேன், பயப்படாதீர்கள்.

அவரிடம் ஒன்றை மட்டும் கேட்டு எழுதுங்கள். அந்தப் பிள்ளைக்கு நீச்சல் தெரியுமா?

புவனேஸ்வரி